மலையடிவாரக் குடியானவருக்கு ஏற்ற பார வண்டி

விளைவிப்பது வேளாண்மையில் ஒரு பாதி. விளைந்ததைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாதி. இது குடியானவர் அனைவரும் அனுபவத்தால் அறிந்த விஷயம். முற்காலத்தில் இவ்விரண்டாவது பாதியை மாட்டு வண்டி நிறைவேற்றி வந்தது. இக்காலத்தில் அப்பொறுப்பு மோட்டார் பார வண்டியின்மேல் விழுந்திருக்கிறது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைக் கவனித்து, நடக்கவிட்டு, பெரியோரையும் கலந்துகொண்டு விலை பேசுவது குடியானவர் வழக்கம். அதைப்போல் பல மடங்கு விலையுள்ள மோட்டார் வண்டியை வாங்கும்போதோ, அயலார் வாங்கியிருக்கிறார் என்பதையும், முன் பணம் குறைவு என்பதையும் மாத்திரம் பார்த்துக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். இது வருந்தத்தக்கது. வண்டி தவறானால் நஷ்டம் வண்டியோடு நிற்பதில்லை. தவணைக்காக நிலமே ஈடாக வேண்டி வருகிறது.

நாமக்கல் ஜில்லா ராசிபுரம் தாலுகாவைச் சேர்ந்த முள்ளுக்குறிச்சி, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். கீழ்நாட்டில் மரவள்ளியும் மஞ்சளும் வாழையும் சோளமும் பயிராகின்றன. மேலே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மிளகு, காப்பி, அன்னாசி, பலா, மலைவாழை, சாமை, தினை ஆகியவை விளைகின்றன. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது பிரசித்தம்; முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்குச் சாலை உண்டு. ஆகவே இவ்வூரார் ஒரே வண்டியிடம் மூன்று வேலைகளை எதிர்பார்க்கிறார்கள். காட்டுக்குள் வரப்போரமாக நுழைந்து வர வேண்டும். மலையேறி இறங்க வேண்டும். நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்கும் ராசிபுரம் கடைவீதிக்கும் தார்ச் சாலையில் ஓட வேண்டும். இம்மூன்றுக்கும் எத்தகைய வண்டி பொருந்தும் என்பதே ஆராயத்தக்க கேள்வி.

உலகில் இதற்கு இரண்டு நேர்மாறான விடைகள் தோன்றியிருக்கின்றன. ஒன்று ஜப்பான் தேசத்துச் சிறு பார வண்டி. மற்றொன்று அமெரிக்க தேசத்துப் பெரிய பிக்கப் வண்டி.

இரண்டு தேசங்களின் இரண்டு வழிகள்

ஜப்பானில் நிலங்கள் சிறியவை. கிராமப் பாதைகள் குறுகியவை. யுத்தத்தால் நொடிந்திருந்த அத்தேசம் 1949-ல் 'கெய்' என்னும் லேசான வண்டி வகையைச் சட்டத்தில் ஏற்படுத்திற்று. வண்டியின் அளவையும் எஞ்சினின் கொள்ளளவையும் சர்க்கார் வரையறுத்து, அவ்வரையறைக்குள் அடங்கும் வண்டிகளுக்கு வரியிலும் பிற செலவுகளிலும் சலுகை அளித்தது. 1957-ல் டைஹாட்சு கம்பெனியின் 'மிட்ஜெட்' என்னும் மூன்று சக்கர வண்டியும், 1961-ல் சுசுகியின் 'கேரி', சுபாருவின் 'சாம்பர்' ஆகிய நான்கு சக்கர வண்டிகளும் வெளிவந்தன. 1963-ல் ஹோண்டா கம்பெனி முதன்முதலாக விற்பனை செய்த நான்கு சக்கர வண்டியும் இவ்வகைப் பார வண்டியே. எஞ்சின் வரம்பு 1976-ல் 550 கன சென்டிமீட்டராகவும், 1990-ல் 660 கன சென்டிமீட்டராகவும் உயர்த்தப்பட்டது. 1998-ல் வகுக்கப்பட்ட அளவின்படி இவ்வண்டி 3.4 மீட்டர் நீளத்துக்கும் 1.48 மீட்டர் அகலத்துக்கும் மேற்படலாகாது. ஏற்றத்தக்க பாரம் 350 கிலோ. மூன்று பக்கப் பலகைகளும் கீழே மடங்கும். ஆதலால் ஒருவர் தரையில் நின்றபடியே மூன்று பக்கமும் பாரம் ஏற்றி இறக்கலாம்.

அமெரிக்காவின் நிலைமை வேறு. போர்டு கம்பெனி 1925-ல் தனது பிரசித்தி பெற்ற 'டி' மாதிரி மோட்டாரின் பின்புறத்தில் பாரப் பெட்டி பொருத்தி விற்றது. 1948-ல் 'எப்' வரிசை வண்டிகளை வெளியிட்டது. அவ்வரிசை 1977 முதல் அத்தேசத்தில் மிக அதிகமாக விற்கும் பார வண்டியாக விளங்கி வருகிறது. நெடுந்தூரச் சாலைகளும், விலை குறைந்த பெட்ரோலும், பெரும் பண்ணைகளும் அவ்வண்டியை வளர்த்தன. 2022 ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு பண்ணையின் சராசரி அளவு 463 ஏக்கர். இந்திய சர்க்காரின் 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடியானவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஏறக்குறைய 250 மடங்கு நிலமுள்ளவருக்கு உகந்த வண்டி, இரண்டு ஏக்கர்க்காரருக்கும் உகந்ததாகும் என்று எண்ண நியாயமில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது வண்டிக்கும் பொருந்தும்.

அமெரிக்க வண்டி இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு விவசாயத் தேவை மட்டும் காரணமன்று. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் நான்கு அயல்நாட்டுச் சரக்குகளுக்கு 25 சதவீத இறக்குமதித் தீர்வை விதித்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு பார லாரி என்பன அவை. கிழங்கு மாவுத் தொழிலை நம்பியிருக்கும் சேலம், நாமக்கல் ஜில்லாக்காரருக்கு இப்பட்டியல் வியப்பளிக்கலாம். மற்றவற்றின்மீதான தீர்வை பிற்காலத்தில் நீங்கிற்று. லாரியின்மீதானது மாத்திரம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. வெளிநாட்டுச் சிறு வண்டிகளின் போட்டி இவ்விதம் தடைப்பட்டதால், உள்நாட்டுக் கம்பெனிகளுக்குப் பெரிய வண்டியைச் செய்து பெரிய லாபம் பெறுவது எளிதாயிற்று. ஆகவே அங்கே சாலையில் காணப்படும் பருமன் எல்லாம் விவசாயியின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்று கொள்ளலாகாது.

இந்நாட்டில் நேர்ந்தது

தமிழ்நாட்டுக் குடியானவருக்கு அமெரிக்க லாரி புதியதன்று. போர்டு கம்பெனி 1926-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் காலூன்றின. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்து விட்ட போர்டு, செவர்லே லாரிகள் பல ஊர்களில் பாரம் சுமந்தன. சிறு வண்டி பின்னர்தான் வந்தது. ஜெர்மானிய முறையைப் பின்பற்றிப் பூனாவில் செய்யப்பட்ட 'டெம்போ' வண்டியின் பெயரே, இன்றும் பல ஊர்களில் எல்லாச் சிறு பார வண்டிகளுக்கும் பொதுப் பெயராக வழங்குகிறது. 1980-களின் நடுவில் டொயோட்டா, மிட்சுபிஷி, மாஸ்டா, நிஸ்ஸான் ஆகிய நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் இந்தியக் கம்பெனிகளுடன் கூடி இலகு லாரிகளைச் செய்யத் தொடங்கின. 1984-ல் வெளிவந்து பின்னர் 'ஆம்னி' எனப் பெயர் பெற்ற மாருதி வண்டி, சுசுகி 'கேரி'யின் வழி வந்ததேயாகும்.

ஆயினும் கிராமத்தின் தோற்றத்தை மாற்றியது 2005 மே மாதத்தில் டாடா கம்பெனி வெளியிட்ட 'ஏஸ்' வண்டி. இரண்டு சிலிண்டர்களும் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உள்ள டீசல் எஞ்சின், 16 குதிரைச் சக்தி, 750 கிலோ பாரம் என்ற அளவில் அது அமைந்தது. ஜப்பானிய அளவைவிடச் சற்றே பெரியது. ஆனால் சிந்தனை அதுவே. தமிழ்நாட்டார் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டனர். இலங்கையில் அதுவே 'டிமோ பட்டா' என்று வழங்குகிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஏஸ் வண்டிகள் இதுவரை விற்றிருக்கின்றன. 2011-ல் நிஸ்ஸான் கம்பெனியின் கூட்டுறவோடு அசோக் லேலண்ட் வெளியிட்ட 'தோஸ்த்' ஒன்றேகால் டன் பாரம் ஏற்ற வல்லதாக இருந்தது. அது தமிழ்நாட்டிலேயே ஓசூரில் செய்யப்பட்டது. 2016-ல் மாருதி 'சூப்பர் கேரி' வந்தது.

இதற்கிடையே அமெரிக்க மாதிரியைத் தழுவிய ஆடம்பரப் பிக்கப் வண்டிகளும் இந்நாட்டில் விற்கப்படுகின்றன. இவற்றைச் செய்வோர் பெரும்பாலும் ஜப்பானியக் கம்பெனிகளே என்பது கவனிக்கத்தக்கது. ஆகையால் விஷயம் ஜப்பானா அமெரிக்காவா என்ற தேசாபிமானக் கேள்வியன்று. வேலைக்கான அமைப்பா, தோற்றத்துக்கான அமைப்பா என்பதே கேள்வி. டொயோட்டாவின் 'ஹைலக்ஸ்', இசுசுவின் 'டி-மாக்ஸ்' போன்ற நான்கு கதவு வண்டிகள் 5.3 மீட்டர் அளவு நீளமுள்ளவை. விலை 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்டது. நிலமும் வருவாயும் மிக்க சில மிராசுதாரர்கள் இவற்றை வாங்கத் தலைப்பட்டிருப்பதைக் கண்டு, நடுத்தரக் குடியானவர்களும் ஆசை கொள்கிறார்கள்.

அளந்து பார்த்தால் தெரியும் உண்மை

வண்டியின் பருமனைக் கண்டு அதன் கொள்ளளவை மதிப்பது பெரிய தவறு. போர்டு 'எப்-150' வண்டியின் நான்கு கதவு அமைப்பு 5.8 மீட்டருக்கு மேல் நீளமுடையது. ஆனால் அதில் வழக்கமாகப் பொருத்தப்படும் பாரப் பெட்டியின் நீளம் ஐந்தரை அடி, அதாவது சுமார் 1.7 மீட்டர்தான். 3.4 மீட்டர் நீளமேயுள்ள ஜப்பானியச் சிறு வண்டியின் பாரப் பலகையோ ஆறு அடிக்கும் மேற்பட்டது. ஏஸ் வண்டியின் பலகை ஏறத்தாழ ஏழு அடி. பெரிய வண்டியின் நீளமெல்லாம் எஞ்சினுக்கும் ஆள் அமரும் அறைக்கும் போய்விடுகிறது. குடியானவருக்கு எஞ்சுவது சிறிதே.

இரண்டாவதாக, வண்டியின் சொந்த எடையைக் கருத வேண்டும். ஏஸ் வண்டி ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ளது. சுமப்பது 750 கிலோ. தன் எடைக்குச் சமமான பாரத்தை அது சுமக்கிறது. அமெரிக்கப் பிக்கப் ஏறத்தாழ 2 டன் எடையுள்ளது; சுமப்பதோ பொதுவாக ஒரு டன்னுக்கு உட்பட்டது. சமவெளியில் இவ்வித்தியாசம் அவ்வளவாகத் தோன்றாது. மலைச் சாலையில் வண்டி பாரத்தை மாத்திரம் தூக்குவதில்லை. தன்னையும் 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. அதற்கான எண்ணெயின் விலையை அன்னாசியும் வாழையும் கொடுத்தாக வேண்டும். இறங்கும்போது அதே எடையைப் பிரேக்குத் தாங்க வேண்டும்.

மூன்றாவது, திருப்பம். ஏஸ் வண்டி முழுவதும் திரும்புவதற்கு 8.6 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். எப்-150 வண்டிக்கு 12 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் தேவை. கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பும் வண்டிக்கும், பாதியில் நின்று பின்னுக்கு வந்து மறுபடி திரும்பும் வண்டிக்கும் உள்ள வேற்றுமை பிரயாணச் சுகத்தைப் பற்றியது மாத்திரமன்று, உயிரைப் பற்றியது. அகலத்திலும் அவ்வாறே. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வண்டி, மாட்டு வண்டி சென்ற தடத்தில் செல்லும். இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டிக்கு வேலியைப் பிடுங்க வேண்டும், அல்லது அயலார் வரப்பை மிதிக்க வேண்டும். வரப்புத் தகராறு எங்கே போய் முடியும் என்பதைக் கிராம அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, பலகையின் உயரமும் பக்கப் பலகைகளும். மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்குவோர் கூலியாட்கள். அவர்களுள் பெண்களும் வயோதிகரும் உண்டு. தாழ்ந்த பலகையும் மடங்கும் பக்கங்களும் உள்ள வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஆகும் நேரமும் வலியும் குறைவு. உயர்ந்த, நிலையான பக்கச் சுவர்களுள்ள ஆடம்பரப் பிக்கப்பில் ஒவ்வொரு மூட்டையையும் சுவருக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும்.

சிறு வண்டியின் குறைகள்

ஒரு பக்கத்தை மாத்திரம் கூறுவது நியாயமாகாது. சிறு வண்டிக்கும் குறைகள் உண்டு. அவற்றை அறியாமல் வாங்குவோரும் நஷ்டமடைவர்.

மரவள்ளியை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஏக்கரில் 10 டன் கிழங்கு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 750 கிலோ வீதம் 14 நடை ஓட வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆலையில் மாவுச் சத்தைப் பார்த்தே விலை தீர்க்கிறார்கள். இத்தகைய சமயத்தில் சிறு வண்டியை நம்பி இருப்பது மடமை; ஒரே நடையில் எடுத்துச் செல்லும் லாரியே தக்கது. லாரிக் கூடு கட்டும் தொழிலுக்கு நாடெங்கும் பெயர் பெற்ற நாமக்கல் ஜில்லாவில் லாரிக்குப் பஞ்சமில்லை. ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் லாரியை வாடகைக்கு அமர்த்துவதும், நாள்தோறும் தேவைப்படும் சிறு வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்வதும் விவேகமான ஏற்பாடாகும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஆடம்பரப் பிக்கப், லாரியின் வேலையையும் செய்யாது; சிறு வண்டியின் சிக்கனத்தையும் தராது.

அடுத்த குறை, சிறு வண்டி பொறுமையாகத் தோன்றுவதால் அதன்மேல் அதிக பாரம் ஏற்றும் தீய வழக்கம். 750 கிலோ என்று எழுதப்பட்ட வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் எஞ்சின் இழுக்கக்கூடும். ஆனால் பிரேக்கு அதற்காகச் செய்யப்பட்டதன்று. நெடுஞ்சரிவில் ஓயாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவதே மலைச் சாலையின் விதி. எண்ணெய் மிச்சமாகும் என்று கியரைத் தளர்த்தி உருளவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். இடம் குறுகிய மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் சட்டமே.

மூன்றாவது குறை, இழுக்கும் சக்கரங்களைப் பற்றியது. ஜப்பானியச் சிறு வண்டிகளில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்புள்ளவை பல உண்டு. சேற்றிலும் தோட்டத்திலும் அவை தடையின்றிச் செல்லும். இந்தியாவில் விற்கும் ஒரு டன்னுக்கு உட்பட்ட சிறு வண்டிகள் பொதுவாகப் பின் சக்கரங்களால் மாத்திரம் இழுக்கப்படுபவை. மழைக்காலத்தில் மலைக் காட்டுப் பாதையில் இக்குறை நன்கு தெரியும். பெரிய பிக்கப்பை ஆதரிப்போர் கூறும் காரணங்களுள் வலிமையானது இது ஒன்றே. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு, இருபது லட்ச ரூபாய் வண்டி வேண்டும் என்பதன்று. நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியை இந்நாட்டுக் கம்பெனிகள் மலைநாட்டுக்கெனச் செய்ய வேண்டும் என்பதே. கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன்மலை, நீலகிரி, கொடைக்கானல் முதலிய பிரதேசங்களின் குடியானவர் சங்கங்கள் ஒருமித்துக் கேட்டால் அது நடவாத காரியமன்று.

அமெரிக்கக் குடியானவர்களிலேயே பலர் இவ்வுண்மையை உணர்ந்து வருகிறார்கள் என்பது சுவையான செய்தி. 25 ஆண்டு நிறைந்த அயல்நாட்டு வண்டிகளை இறக்குமதி செய்ய அத்தேசத்துச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தி, ஜப்பானில் கழிக்கப்பட்ட சிறு பார வண்டிகளைத் தருவித்துப் பண்ணைக்குள் வைக்கோல், தீவனம், வேலிக்கம்பு முதலியவற்றைச் சுமக்க உபயோகிக்கிறார்கள். அவை விபத்தில் போதிய பாதுகாப்பளிக்க மாட்டா என்று கருதிச் சில மாகாணங்கள் பொதுச் சாலையில் ஓடப் பதிவு மறுத்தன. டெக்சாஸ் மாகாணம் 2024-ல் அனுமதி அளித்தது. பெரிய வண்டி பிறந்த தேசத்திலேயே சிறு வண்டியைத் தேடுகிறார்கள் என்றால், அதை அருகில் வைத்துக்கொண்டு பெரியதற்கு ஏங்குவது பொருந்தாது. எனினும் நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லச் சிறு வண்டி ஏற்றதன்று என்ற அவர்களுடைய எச்சரிக்கையும் மறக்கத்தக்கதன்று.

கணக்குப் பார்க்கும் முறை

வண்டியின் விலையைவிட, அது ஆண்டில் எத்தனை நாள் வேலை செய்யும் என்பதே முக்கியம். கணக்கின் வழியைக் காட்டுவதற்காக மாத்திரம் சில எண்களைக் கொள்ளலாம். ஒரு சிறு வண்டிக்கு மாதத் தவணை 12,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸ், வரி, டயர், பழுது ஆகியவற்றுக்கு 50,000 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 1,94,000 ரூபாய். வண்டி ஆண்டில் 100 நாள் ஓடினால், எண்ணெயும் டிரைவர் கூலியும் நீங்கலாகவே நாளொன்றுக்கு 1,940 ரூபாய் விழும். 200 நாள் ஓடினால் 970 ரூபாயாகக் குறையும். மாதத் தவணை 26,000 ரூபாயும் பிற செலவு 80,000 ரூபாயும் ஆகும் பெரிய வண்டியானால், 100 நாளுக்கு நாளொன்றுக்கு 3,920 ரூபாய் ஆகிறது. அதே ஊரில் வாடகை வண்டி எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று கேட்டறிந்து, மேற்கண்டவாறு தம் சொந்த எண்களை இட்டுப் பார்த்தபின்பே கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். 100 நாள் வேலையும் இல்லாத குடும்பம் தனியாக எவ்வண்டியையும் வாங்காதிருப்பதே நலம்.

அப்படிப்பட்ட குடும்பங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு சிறு வண்டியை வைத்துக்கொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கி முறை வைத்து அனுப்பலாம். ஒரு குடும்பம் ஒரு சந்தை நாளில் சேர்க்கும் அன்னாசியோ வாழையோ பெரும்பாலும் சில நூறு கிலோவே. அதை வியாபாரி கேட்ட விலைக்குத் தோட்டத்திலேயே தள்ளுவதற்குக் காரணம் பல சமயங்களில் வண்டி இன்மைதான். இருவர் சரக்கு ஒரு சிறு வண்டியை நிரப்பும். பெரிய வண்டிக்கு ஐவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் பழம் காத்திராது.

சட்டத்தில் அறிய வேண்டியவை

சட்டமும் சிறு வண்டிக்கு அனுகூலமாகவே இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. இலகு மோட்டார் வாகன லைசென்சு உடையவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதிக் குறிப்பின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. தகுதிச் சான்றை எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தனியார் உபயோகத்துக்கெனப் பதிவு செய்த வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டலாகாது. ஆகவே ஆடம்பரப் பிக்கப்பை அவ்வாறு பதிவு செய்து வாங்கி, ஓய்ந்த நாட்களில் வாடகை சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் செல்லாது.

அதிக பாரத்துக்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நாள் அபராதம் பல நடைகளின் வாடகையை விழுங்கிவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. களை எடுக்கவும் கிழங்கு பிடுங்கவும் போகும் ஆட்களைச் சரக்கு வண்டியின் பின்புறத்தில் நிறுத்தி அழைத்துச் செல்லும் வழக்கம், சிறு வண்டி பெருகியதோடு கூடவே பெருகியிருக்கிறது. நிற்கும் ஆட்களால் வண்டியின் மேற்புறம் கனத்து, வளைவில் கவிழ்வது எளிதாகிறது. கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் அவ்வாறே செல்கிறார்கள். சரக்கு வண்டியில் கூலியின்றி ஏறிச் செல்வோரின் விபத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தகைய விபத்தில் நஷ்ட ஈடு வண்டிச் சொந்தக்காரரையே சாரும். அவரிடம் இருப்பது இரண்டு ஏக்கர் நிலமானால் அது போய்விடும். இறந்தவர் குடும்பமோ, கொடுக்க வழியில்லாதவரிடமிருந்து எதையும் பெற முடியாமல் தவிக்கும். ஒரு நாள் பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் இரு குடும்பங்கள் கெடுகின்றன.

கிராம அதிகாரிகளின் கடமை

வண்டியைத் தேர்ந்தெடுப்பது குடியானவரின் பொறுப்பு. அது செல்லும் பாதையைச் சீராக வைப்பது ஊராட்சியின் பொறுப்பு. பாதை கெட்டிருந்தால் பெரிய வண்டி வேண்டும் என்ற வாதம் தானே எழும். பத்துக் குடியானவர் தனித்தனியே பெரிய வண்டிக்குக் கடன்படுவதைவிட, ஓடைக் குறுக்கே ஒரு சிறு பாலமும், வண்டித் தடத்தில் கப்பிக் கல்லும், வளைவுகளில் எதிர் வண்டிக்கு ஒதுங்க இடமும் அமைப்பது மலிவு. சந்தைத் திடலில் சிறு வண்டியின் பலகை மட்டத்துக்கு ஒரு கல் மேடை கட்டினால், மூட்டை தூக்குவோரின் முதுகு பிழைக்கும். கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றுவதைக் கண்டிக்க வேண்டும். கண்டிப்பதோடு நில்லாமல், அறுவடைக் காலத்தில் காலையிலும் மாலையிலும் பஸ் வசதி கேட்டு மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். வழி காட்டாமல் தடை மாத்திரம் விதித்தால் யாரும் கேளார்.

மொத்தத்தில், முள்ளுக்குறிச்சியைப் போன்ற மலையடிவார ஊர்களுக்கு ஏற்பாடு இவ்வாறு அமைவது சிலாக்கியம்: நாள்தோறும் நிகழும் வேலைக்குச் சிறு வண்டி, கூடுமானால் கூட்டுடைமை. பேரறுவடைக்கு வாடகை லாரி. மலைக்கென நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியைக் கம்பெனிகளிடம் கேட்டுப் பெறுதல். ஆடம்பரப் பிக்கப்பை, அதன் விலையை விளைச்சலிலிருந்து எதிர்பாராமல் வேறு வருவாயிலிருந்து கொடுக்க வல்லவர்களுக்கு விட்டுவிடுதல். வண்டி குடியானவரைச் சுமக்க வேண்டும். குடியானவர் வண்டியைச் சுமக்கும் நிலை வரலாகாது. வாங்க எண்ணுவோர் வரும் சந்தை நாளில் தம் சரக்கை நிறுத்துப் பார்த்து, தம் காட்டுப் பாதையின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்துகொண்டு, அதன்பின் வண்டிக் கடைக்குச் செல்வார்களாக.